முயல் இருக்கிற வீடு

அப்பா: பாத்து ஏறு. அந்தப் படி ஆடும்.

அம்மா: படி கிடக்கட்டும். எங்க அது?

அப்பா: கட்டிலுக்கு அடியில. இழுத்தா இன்னும் உள்ள போகுது.

அம்மா: நேத்து வந்ததும் என்ன சாப்பிட்டுச்சு?

அப்பா: சாப்பிட்டிருக்கும்னு நினைச்சேன்.

அம்மா: நினைச்சீங்களா...

அப்பா: வேலை முடிஞ்சு வந்து, கூடையைத் திறந்து விட்டுட்டுப் படுத்துட்டேன். காலைல குனிஞ்சு பாத்தா வச்ச கீரை வச்ச மாதிரியே வாடிக் கிடக்கு. புழுக்கைகூட ஒண்ணும் இல்ல. பெருக்க வேண்டிய வேலையே இல்ல. அப்பதான் பயந்தேன்.

அம்மா: பெருக்க வேலை இல்லன்னதும் உங்களுக்கு பயமா... அதிசயம்தான்.

அப்பா: இப்ப குத்திக் காட்டற நேரமா? உன் வீட்டுல இருந்து வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு?

அம்மா: ...கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. வெயிலுக்குன்னு நினைச்சேன்.

அப்பா: நீயும் நினைச்சே.

அம்மா: ஆமா. நானும் நினைச்சேன். டாக்டர் கிட்டப் போனீங்களா இல்லையா?

அப்பா: போயிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை, டாக்டர் இல்லை. கம்பவுண்டர் கூடைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, ‘சார், இது முயலாச்சே’ங்கறான். நான் என்ன யானைன்னா சொன்னேன்? நாய்க்குப் போடுற ஊசி ஒண்ணு இருக்கு, போடட்டுமான்னான். வேணாம்ப்பான்னு தூக்கிட்டு வந்துட்டேன்.

அம்மா: வேற டாக்டரு?

அப்பா: ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் நாயும் மாடும்தான் தெரியும். முயல் தெரிஞ்ச டாக்டர் நம்ம பொண்ணு ஒருத்திதான்.

அம்மா: வேணாம்.

அப்பா: வேற வழி இருந்தா சொல்லு.

அம்மா: நாளைக்கு அவளுக்கு பரீட்சை. கடைசி வருஷப் பரீட்சை.

அப்பா: அவ படிக்கிறதே இதுக்குத்தானே. அவ பேர் வச்ச முயலு, மேனேஜருக்கு ஒண்ணுன்னா நம்மளை விட அவதான்...

அம்மா: அதான் பயம். மேனேஜரைக் காட்டுன்னுவா. காட்டினா பின்னாடி இந்தச் சுவர் தெரியும். நம்ம வீட்டுக்கு எப்ப பச்சை அடிச்சோம்னு கேட்டா?

அப்பா: கட்டில் பின்னாடி போர்வை தொங்குது பாரு. தினமும் சாயங்காலம் அதுக்கு முன்னாடி உட்காந்துதானே அவகிட்ட பேசுறேன். மேனேஜர் மடியில இருக்கும். முயல் இருந்தா அது நம்ம வீடுதான்னு நம்பிடுறா.

அம்மா: ஓ, அந்தப் போர்வை இதுதானா... அவ எங்கிட்டக் கேட்டா, அப்பா ஏன் எப்பவும் போர்வைக்கு முன்னாடியே உட்கார்றாருன்னு.

அப்பா: நீ என்ன சொன்னே?

அம்மா: முதுகுல காத்து பட்டா ஆகாதுன்னேன்.

அப்பா: அடிப்பாவி. அதான் முதுகுக்குத் தைலம் அனுப்பி வச்சாளா...

அம்மா: சிரிக்காதீங்க. நாம ரெண்டு வீடா ஆனது பரீட்சை முடியற வரைக்கும் அவ காதுக்குப் போகக் கூடாது. பேசி வச்சதுதானே?

அப்பா: நான் சிரிக்கல. நீ அதை வெளிய எடு. உன் கைக்கு வரும்.

அம்மா: வாடா... வாடா மேனேஜர். ஐயோ, என்ன இது, தூக்கினா துணிமூட்டை மாதிரி வருது. உதைக்கக்கூட இல்ல.

அப்பா: போன் போடுறேன்.

அம்மா: ...போடுங்க.

மகள்: சொல்லுங்கப்பா. என்ன இந்த நேரத்துல?

அப்பா: ஒண்ணுமில்ல கண்ணு. மேனேஜர் காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல.

அம்மா: நேத்துல இருந்து.

மகள்: அம்மா? நீயும் அங்கயா இருக்கே?

அம்மா: வீட்டுல இல்லாம வேற எங்க இருப்பேன்?

மகள்: ரெண்டு பேரும் ஒண்ணாவா?

அப்பா: இது என்ன கேள்வி?

மகள்: இல்ல... சும்மா. சொல்லுங்க, புழுக்கை போட்டுச்சா?

அப்பா: இல்ல.

மகள்: ஒண்ணுகூட? சின்னதா, காஞ்சு போய்?

அப்பா: கட்டில் அடியில டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். சுத்தமா இல்ல.

மகள்: எப்படி உட்காந்திருக்கு?

அம்மா: சுருண்டு. கண்ணைப் பாதி மூடிக்கிட்டு. பல்லை நறநறன்னு கடிக்குது.

மகள்: அது வலி. காதைத் தொடுங்க. சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?

அம்மா: சில்லுனு இருக்கு. ஈரத்துணி மாதிரி.

மகள்: சரி. பயப்படாதீங்க. முதல்ல சூடு வேணும். பீரோ மேல்தட்டுல வெந்நீர்ப் பை இருக்கு, எடும்மா.

அம்மா: அது... அது ஓட்டையாயிடுச்சுடி.

மகள்: எப்ப?

அம்மா: போன மாசம்.

அப்பா: பாட்டில்ல ஊத்தி வைக்கிறேன். அடுப்பு பத்த வச்சாச்சு.

மகள்: துண்டு சுத்தி வைங்க, நேரா வச்சா தோல் வெந்துடும். அம்மா, வயித்தைத் தொடு. அப்பா கை வேணாம், லிஃப்ட் ரிப்பேர்ல ரோப் பிடிச்சு மரத்துப் போன கை.

அப்பா: இந்தக் கைதான் உன்னை முதல்ல தூக்குச்சு.

மகள்: அதான் நான் இப்படி இருக்கேன். அம்மா, சொல்லு. பிசைஞ்ச மாவு மாதிரியா, ஊதின பலூன் மாதிரியா?

அம்மா: ரெண்டுக்கும் நடுவுல... ஒரு பக்கம் கெட்டியா இருக்கு. அழுத்தினா முனகுது.

மகள்: அழுத்தாதே. தடவு போதும். வீடியோ போடுங்க, பாக்குறேன்.

அப்பா: சிக்னல் இல்லம்மா. சுத்திக்கிட்டே இருக்கு.

மகள்: சரி விடுங்க. புதுசா ஏதாவது தின்னுச்சா? பிஸ்கட், ரொட்டி, துணி, வயர்?

அப்பா: வயரெல்லாம் நான் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கேன்.

அம்மா: துணி... நான் தைக்கிற இடத்துக்கு வராது. வெட்டு விழுந்ததெல்லாம் பெருக்கிடுவேன்.

மகள்: நல்லா யோசிங்க. இப்ப கேக்குறதுதான் முக்கியம். இடத்தை மாத்தினீங்களா? வெளிய தூக்கிட்டுப் போனீங்களா? வண்டிச் சத்தம், நாய், கூட்டம்... பயமுறுத்தற மாதிரி ஏதாவது?

அப்பா: ...

அம்மா: ...

மகள்: லைன்ல இருக்கீங்களா?

அம்மா: இருக்கோம். இல்லடி, எங்கயும் தூக்கிட்டுப் போகல.

அப்பா: காலைல ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவ்ளோதான்.

மகள்: அது சாப்பிடறது நின்னு போனப்புறம். அதுக்கு முன்னாடி?

அம்மா: அது இருக்கிற மூலையிலதான் இருக்கு.

மகள்: நிச்சயமா?

அப்பா: நிச்சயமா கண்ணு.

மகள்: அப்படின்னா இது எனக்குச் சரியாப் படல.

அப்பா: என்ன சரியாப் படல?

மகள்: முயலுக்குப் பயம் வந்தா குடல் நின்னுடும். அப்படி நின்னதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஊட்டி மறுபடி ஓட வச்சிடலாம். பயமும் இல்ல, சாப்பாடும் மாறல, ஆனா நின்னு போச்சுன்னா உள்ள ஏதோ அடைச்சிருக்கு. முடி உருண்டையா இருக்கலாம், துணியா இருக்கலாம். அதுக்கு மேல ஊட்டினா வயிறு தாங்காது. முயலால வாந்திகூட எடுக்க முடியாது. உள்ள போனது கீழ போய்த்தான் ஆகணும்.

அப்பா: நடு மாடியில நிக்கிற லிஃப்ட் மாதிரி...

மகள்: ஆமாப்பா. அதனால வாயில ஒரு சொட்டு விடாதீங்க. தண்ணிகூட. சூடு மட்டும் வைங்க. எங்க காலேஜ் சார் உள்ள இருக்கார், கன்னு போட முடியாம ஒரு மாடு வந்திருக்கு. அவர் வெளிய வந்ததும் கேட்டுட்டுக் கூப்பிடுறேன்.

அம்மா: எவ்ளோ நேரம் ஆகும்?

மகள்: மாடு சொல்லணும். வைக்கிறேன்.

அப்பா: வச்சுட்டா.

அம்மா: அந்தத் துண்டை எடுங்க. இது என்ன, கிரீஸ் நாத்தம்...

அப்பா: துவைச்சதுதான்.

அம்மா: துவைச்சதா. உங்க துவையல் எனக்குத் தெரியாதா. என் முந்தானையிலயே சுத்திக்கிறேன். பாட்டிலைக் கொடுங்க.

அப்பா: சொல்லிடலாமா?

அம்மா: என்ன சொல்றது?

அப்பா: தினமும் தூக்கிட்டு அலையுறதை.

அம்மா: சொன்னா, எங்கேருந்து எங்கன்னு கேப்பா. அதோட நிக்குமா?

அப்பா: அவ காரணத்தைத்தான் கேட்டா. நாம இல்லன்னுட்டோம். இப்ப ஊட்டாம உட்காந்திருக்கோம்.

அம்மா: அடைப்பா இருந்தா? முடிகூட இருக்கலாம்னாளே. ஊட்டி செத்துட்டா?

அப்பா: இது பயம்தான்னு எனக்குத் தோணுது. அந்த பஸ்ல ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கூடைக்குள்ள தடதடன்னு ஆடும். கையில தெரியும்.

அம்மா: தெரிஞ்சே தூக்கிட்டு வந்தீங்க.

அப்பா: நீயும்தானே காலைல கொண்டு போனே.

அம்மா: எங்கிட்ட காலைல போன் பண்ணி மேனேஜரைக் காட்டுன்னா. உங்ககிட்ட சாயங்காலம் காட்டுன்னா. நான் என்ன பண்றது? ஒரு நாள் மேனேஜர் தூங்குதுன்னு சொல்லிப் பாத்தேன். எழுப்பிக் காட்டும்மான்னு அழ ஆரம்பிச்சுட்டா. அவ அப்படி அழறவளா?

அப்பா: எங்கிட்டயும் அதேதான். ஒரு நாள் விடல.

அம்மா: உயிரா வச்சிருக்கா.

அப்பா: ஒண்ணு கேக்கட்டுமா?

அம்மா: கேளுங்க.

அப்பா: மருந்துக் கடையில கூடையை வச்சுட்டுப் போனா நான் எடுத்துக்கறேன்னு சொன்னது நான்தான். நீ ஏன் ஒரு தடவைகூட வேணாம்னு சொல்லல?

அம்மா: என்னன்னு சொல்லணும்?

அப்பா: நேரா வீட்டுக்கு வந்து எடுத்துக்கோங்கன்னு.

அம்மா: வர்றவங்களுக்கு வழி தெரியாதா? கதவுக்குச் சாவி இல்லையா?

அப்பா: சாவி இருக்கு. வந்தா நீ என்ன சொல்லுவியோன்னு...

அம்மா: நான் என்ன சொல்லியிருக்கேன்? இத்தனை வருஷத்துல என்ன சொல்லியிருக்கேன்?

அப்பா: அதான். ஒண்ணுமே சொன்னதில்ல. நான் வேலை முடிஞ்சு வருவேன், நீ மிஷின்ல இருந்து தலையைத் தூக்க மாட்டே. சாப்பாடு மூடி வச்சிருக்கும். சண்டை போட்டிருந்தாகூட வீட்டுல ஆள் இருக்குன்னு இருந்திருக்கும்.

அம்மா: தலையைத் தூக்கினா நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

அப்பா: பாட்டில் ஆறிடுச்சா பாரு.

அம்மா: காது இன்னும் சில்லுன்னு ஆகுது. பாட்டிலை மாத்துங்க.

அப்பா: இதோ. பல் கடிக்கறது நின்னுடுச்சு பாத்தியா? வலி குறைஞ்சிருக்கோ?

அம்மா: இல்ல. கடிக்கத் தெம்பு இல்ல.

அப்பா: அப்படிச் சொல்லாதே.

அம்மா: வேற எப்படிச் சொல்லட்டும்? என் மடியில இருக்கு. எனக்குத் தெரியுது. வர்ற வழியில அந்தக் கடைக்காரர்கிட்ட ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிட்டு வந்தேன். கூடையைக் காணோமேம்மான்னு கேட்டாரு. அவருக்குக்கூடப் பழகிடுச்சு. சும்மா பையில கிடக்கு அது.

அப்பா: வெயில் ஜன்னலைத் தாண்டிடுச்சு. இன்னும் மாடு கன்னு போடலையா...

அம்மா: போன் அடிக்குது பாருங்க. எடுங்க.

மகள்: அப்பா, சார் வெளிய வந்துட்டார். பக்கத்துலயே நிக்கிறார். அம்மா, வயித்துல காதை வச்சுக் கேளு. குடுகுடுன்னு சத்தம் வருதா?

அம்மா: இரு... ஒண்ணும் கேக்கல.

மகள்: தோட்டைக் கழட்டிட்டுக் கேளு.

அம்மா: கழட்டிட்டேன். ஒண்ணும் இல்லடி. காலி வீடு மாதிரி இருக்கு.

மகள்: வயிறு பெருசாயிட்டே போகுதா?

அம்மா: இல்ல. அப்படியேதான் இருக்கு.

மகள்: அடைப்புன்னா இந்நேரம் உப்பியிருக்கணும்ங்கறார். திரும்பத் திரும்ப ஒண்ணுதான் கேக்குறார், இடம் மாறுச்சா, பயந்துச்சான்னு. நான் இல்ல இல்லன்னே சொல்றேன். அவர் நம்பல.

அப்பா: மாறுச்சும்மா.

அம்மா: என்னங்க...

அப்பா: விடு. மாறுச்சு கண்ணு. தினமும் மாறுச்சு. காலைல அம்மாகிட்ட இருக்கும். சாயங்காலம் எங்கிட்ட. நான் தனியா ஒரு ரூம் எடுத்திருக்கேன். வேலைக்குப் பக்கத்துலன்னு... இல்ல. பொய் எதுக்கு? நானும் அம்மாவும் சேர்ந்து இல்லம்மா.

மகள்: ...எப்படித் தூக்கிட்டுப் போவீங்க?

அப்பா: கூடையில. பஸ்ல.

மகள்: தினமுமா?

அப்பா: தினமும். நடுவுல ஒரு மருந்துக் கடை இருக்கு. அம்மா அங்க வச்சுட்டுப் போயிடுவா. நான் வேலை முடிஞ்சு எடுத்துப்பேன். திரும்பக் காலைல நான் வைப்பேன்.

மகள்: கடையில எதுக்கு வைக்கணும்?

அம்மா: நேர்ல பாத்துக்க வேணாம்னு.

மகள்: அப்ப நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்லையா? ஒரு நாள்கூட?

அம்மா: இன்னைக்குத்தான்.

அப்பா: கண்ணு, திட்டு. எவ்ளோ வேணும்னாலும் திட்டு. முதல்ல இதுக்கு என்ன பண்ணணும்னு சொல்லு.

மகள்: அதுக்குப் போடுற குச்சித் தீனி அங்க இருக்கா?

அப்பா: இருக்கு. டப்பா நிறைய இருக்கு.

மகள்: வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு நசுக்குங்க. கஞ்சி மாதிரி ஓடணும். சிரிஞ்சு?

அம்மா: இருக்கு.

மகள்: நேரா வாய்க்குள்ள விடாதேம்மா, நுரையீரலுக்குப் போயிடும். ஓரத்துல, முன்பல்லுக்குப் பின்னாடி ஒரு இடைவெளி இருக்கும். அதுல ஒரு சொட்டு. அது மென்னு முழுங்கினப்புறம்தான் அடுத்தது.

அப்பா: நசுக்கிட்டேன். இந்தா.

அம்மா: நீங்க தலையைப் பிடிங்க. கழுத்தை அழுத்தாதீங்க. அப்படித்தான்... மேனேஜர், இந்தாடா. ஒரு வாய். வாய் ஓரத்துல விட்டுட்டேன்டி.

மகள்: மெல்லுதா?

அம்மா: இல்ல... ஆ, தாடை அசையுது. முழுங்கிடுச்சு. முழுங்கிடுச்சுங்க.

அப்பா: முழுங்குச்சும்மா. நான் பாத்தேன்.

மகள்: நல்லது. அடுத்தது. அவசரமே வேணாம்.

அம்மா: மூக்கை ஆட்டுது பாருங்க.

அப்பா: ஆமா. ஆய்வு பண்ணுது. வந்து மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போறதாலதானே மேனேஜர்னு பேர் வச்சே கண்ணு...

மகள்: பேசாம பிடிங்கப்பா. அம்மா, வயித்தை வட்டமா தடவிக் கொடுத்துக்கிட்டே இரு.

அம்மா: தடவுறேன். இன்னொரு சொட்டு விட்டேன். இது... இது வாயிலயே நிக்குதுடி.

மகள்: கொஞ்சம் பொறு.

அம்மா: வெளிய வழியுது.

மகள்: துடைச்சிடு. இனிமே விடாதே. தலையைத் தூக்கி வச்சிருக்கா?

அப்பா: நான் விட்டா தொங்கிடுது.

மகள்: நெஞ்சுல விரல் வைங்க. அடிக்குதா?

அப்பா: அடிக்குது. பறக்குற மாதிரி அடிக்குது.

மகள்: அது சரிதான், முயலுக்கு வேகமாத்தான் அடிக்கும். சூடு இருக்கா பாட்டில்ல? சார் ஏதோ சொல்றார், இருங்க... பக்கத்து ஊர்ல ஒரு டாக்டர் இருக்காராம், முயல் பாப்பாராம். நம்பர் தர்றார். ஆட்டோ பிடிச்சா...

அம்மா: நான் தூக்கிட்டு வரேன். நீங்க கீழ போய் ஆட்டோ கூப்பிடுங்க.

அப்பா: மறுபடியும் கூடையிலயா?

அம்மா: இல்ல. மடியிலயே வச்சுக்கிறேன்.

அப்பா: இரு. இரு... விரலை எடுக்க முடியல.

மகள்: அப்பா?

அப்பா: மெதுவாகுது கண்ணு.

மகள்: எவ்ளோ மெதுவா?

அப்பா: எண்ணுற அளவுக்கு. பின்னங்காலை நீட்டுச்சு. நல்லா நீட்டுச்சு. சோம்பல் முறிக்கற மாதிரி...

மகள்: அம்மா, நீ கை வச்சுப் பாரு.

அம்மா: வச்சுட்டேன்டி.

மகள்: அடிக்குதா?

அம்மா: இல்ல. ஒண்ணும் இல்ல.

அப்பா: முதல் போன்லயே சொல்லியிருந்தா...

அம்மா: நான்தான் முதல்ல இல்லன்னேன். நீங்க அதுக்கப்புறம்தான் சொன்னீங்க.

அப்பா: ரூம் எடுத்தது நான்.

அம்மா: போகும்போது எங்கன்னுகூட கேக்காதவ நான்.

மகள்: போதும். ரெண்டு பேரும் நிறுத்துங்க.

அம்மா: அழுவுறியா? அழு. அழுதுடு. நாளைக்குப் பரீட்சை எழுதணும்டி நீ. அது உன் குழந்தை மாதிரி, எங்களை நம்பி விட்டுட்டுப் போனே. உனக்குத் தெரிஞ்சா உன்னால தாங்க முடியாதுன்னு நாங்க மறைச்சோம். அதுக்குப் போய் இந்த வாயில்லாத ஜீவன்...

அப்பா: எங்களை மன்னிச்சிடு கண்ணு. உங்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது.

மகள்: நீங்க எதையும் மறைக்கலப்பா. நீங்க பெட்டியோட போன அன்னைக்கே பக்கத்து வீட்டு அத்தை எனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. மேனேஜர் அம்மாகிட்டதான் இருக்கும்னு நினைச்சேன், அது தெரியத்தான் காலைல அம்மாவைக் காட்டச் சொன்னேன். சாயங்காலம் உங்க போன்ல காட்டச் சொன்னா, அதுக்காகவாவது நீங்க தினமும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்காருவீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் ஒரு நாள் விடாம நச்சரிச்சேன்... நீங்க வராம, அதைத் தூக்கிட்டுப் போவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லப்பா.